பத்து நாளைக்கு விட்டுப்போன நாய்

மதினி,

இன்று காலை உன் சேலைகளை வேலியிலிருந்து அவிழ்த்தேன். மக்காச்சோளம் ஒடித்து முடிந்தாயிற்று. இனிமேல் காட்டுப்பன்றி வந்தாலும் அதற்குக் காய்ந்த தட்டைதான் கிடைக்கும். நான்கு மாத வெயிலில் எது நீலம், எது பச்சை என்று தெரியாத அளவுக்கு எல்லாம் வெளுத்துப்போயிருந்தன. மேற்கு மூலையில் கட்டியிருந்த சேலையின் அடிப்பக்கத்தில் கொத்துக் கொத்தாக நாய் முடி ஒட்டியிருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். மண்ணும் நாய் வாடையும் சேர்ந்து அடித்தது. உன் வாசனை துளிகூட இல்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துபோயிருக்கிறது. அதில் பாதி திட்டு. நேரில் திட்ட வழியில்லாததால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழவந்தவர்கள். யார் மூத்தவள் என்பது கடைசிவரை முடிவாகவில்லை; விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. அதனால் நீ எனக்கு மதினி, நான் உனக்கு மதினி. உன் வீட்டுக்காரர் காலமாகி, மகனும் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு நீ ஒரு செவலை நாய்க்குட்டியைத் தூக்கிவந்தாய். கோழி சிறகடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும் பிராணிக்கு டைகர் என்று பேர் வைத்தாய். "டைகராம்ல டைகரு. எலி வந்தா எந்திரிச்சு எடம் குடுக்கும்" என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து, "அவன் காதுபடப் பேசாத மதினி, அவனுக்கு ரோசம் ஜாஸ்தி" என்றாய். நீ அவன் என்பாய், நான் அது என்பேன். அதற்கும் சண்டை போட்டிருக்கிறோம்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வந்து நிற்கிறது. நீ டைகரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாய். இன்னொரு கையில் அதன் அலுமினியத் தட்டு. "பத்து நாள் பாத்துக்கோ மதினி. ஸ்கேனு எடுத்து மாத்திரை வாங்கிட்டு வந்துருவேன்" என்றாய். என் வீட்டில் ஆடு கிடக்கிறது, கோழி கிடக்கிறது, இது வேறா என்று நான் முணுமுணுத்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் கயிற்றை வாங்கினேன். உன் கை சுட்டது. காய்ச்சல் என்று நினைத்தேன்.

முதல் நாளே போன் செய்தாய். "சாப்ட்டானா?" என்று கேட்டாய். நான் எப்படி இருக்கிறேன், ஊரில் மழை உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. அது சோற்றை மோந்துகூடப் பார்க்காமல் உன் பூட்டிய வீட்டுப் படியில் போய்ப் படுத்திருந்தது. நான், "தட்ட நக்கிட்டான் மதினி" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். நாலாம் நாள் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டுப் போய்விட்டது. உன்னிடம், "இன்னும் கொஞ்சம் குடுன்னு நிக்கிறான், எம்புட்டுத்தான் திம்பான்" என்று சலித்துக்கொண்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பெரிய பொய்களாகச் சொன்னேன். ஒரு நாள் அது ஆட்டு எலும்பைத் திருடியதாகக்கூடச் சொன்னேன். எலும்பு வாங்கவே இல்லை.

பத்து நாள் இருபத்தைந்து நாளாகி, புரட்டாசியில் உன்னைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றைக்குத்தான் நான் பெரிய தப்பைச் செய்தேன். பிணம் கிடக்கிற வீட்டில் நாய் நுழையக் கூடாது, கட்டிப்போடு என்று நாலு பேர் சொன்னார்கள். ஊர் வழக்கம்தானே என்று நானும் ஆட்டுக்கொட்டகையில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். கொட்டு முழங்க உன்னைக் கொண்டுபோனபோது அது கொட்டகைக்குள் குதித்த குதியில் கழுத்துத் தோல் அறுந்து ரத்தம் வந்துவிட்டது. உன்னை ஒரு தரம் மோந்து பார்க்க விட்டிருந்தால் அதற்குத் தெரிந்திருக்கும். அவிழ்த்துவிட்டதும் நேரே உன் வீட்டுப் படிக்குப் போனது. பூட்டைப் பார்த்தது. படுத்துக்கொண்டது.

காரியம் முடிந்து உன் மகன் பழைய சேலை மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். "நல்லதெல்லாம் சொந்தக்காரவுக எடுத்துக்கிட்டாக அத்தை. இத வேலிக்குக் கட்டிக்கோங்க" என்றான். டைகரைப் பற்றிக் கேட்டேன். "நாங்க நாலு பேரு ஒத்த ரூமுல கெடக்கோம் அத்தை" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சேலைகளை வாங்கி வைத்தேன். நம் பக்கம் எந்தப் புஞ்சையைப் பார்த்தாலும் சுற்றிலும் குச்சி ஊன்றிப் பழைய சேலை கட்டியிருப்பதுதானே. ஆள் நிற்கிறது என்று பன்றி பயப்படுமாம். பன்றிக்குப் பயம் தெளிந்து பல வருஷமாயிற்று. கட்டாவிட்டால் நமக்குத்தான் மனசு கேட்பதில்லை. கதிர் பிடித்ததும் நானும் கட்டினேன். அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் உன் வீட்டுப் படி காலியாக இருந்தது. தேடிக்கொண்டு போனால், டைகர் மேற்கு மூலையில் உன் கத்தரிப்பூச் சேலைக்கு அடியில் படுத்திருக்கிறது. காற்றில் சேலை அதன் முதுகில் விழுந்து விழுந்து எழுகிறது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டியது. சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். பாதி தின்றது. நீ போனபிறகு அது பாதித் தட்டுத் தின்றது அன்றைக்குத்தான். சரி, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் மேலப்புஞ்சைக்காரர் கரண்டு வயரை இழுத்துக் கட்டும்வரை நிம்மதியாக இருந்தேன். மேற்கு வரப்பை ஒட்டி முழங்கால் உயரத்தில் கம்பி. உன் சேலை கட்டிய குச்சிக்கும் அதற்கும் பத்தடிகூட இருக்காது. போய்க் கேட்டேன். "பன்னிக்குத்தாம்மா. வெளக்கு வைக்கிற நேரத்துக்குப் போட்டு விடியமுன்ன அமத்திருவேன். ஒங்க நாயக் கட்டிப் போடுங்க" என்றார். இது குற்றம், ஆளே செத்துப்போவான் என்றேன். "நாலு ஏக்கர் கடலையப் பன்னி தோண்டுது. நீங்க வந்து எடுத்துக் குடுப்பீகளா?" என்று திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து என் சாயங்காலங்கள் போயின. எங்கே இருந்தாலும் வெயில் சாயும்போது புஞ்சைக்குக் கிளம்பிவிடுவேன். ஓடிப்போய் அதை வீட்டுக்கு இழுத்துவந்து கட்டுவேன். கட்டினால் ஊளையிடும், தின்னாது. காலையில் அவிழ்த்தால் அங்கேதான் ஓடும்.

ஒரு நாள் அருப்புக்கோட்டைக்குப் போனவள் பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டேன். இறங்கி நேரே புஞ்சைக்கு ஓடினேன். பொழுது அடைந்து, ஆள் முகம் தெரிகிற வெளிச்சம்தான் மிச்சம். சேலைக்கு அடியில் டைகர் இல்லை. "டைகரு" என்று கத்தினேன். கடலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு தலை எழும்பியது. எலியையோ முயலையோ துரத்திக்கொண்டு போயிருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரத் தொடங்கியது.

"வராத" என்று கத்தினேன். விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தது. கல்லை எடுத்து எறிந்தேன். குறி தப்பி முன்னால் விழுந்தது, அதைத் தாண்டிக் குதித்து வந்தது. இன்னொரு கல் எடுக்க நேரமில்லை மதினி. கம்பிக்கு நாலு எட்டு இருக்கும்போது, எங்கிருந்து வந்ததோ, என் வாயில் உன் பேச்சு வந்தது. நீ கடைக்குப் போகும்போதும், ரேஷனுக்குப் போகும்போதும் அதனிடம் இழுத்து இழுத்துச் சொல்வாயே, அதே இழுவையில் சொன்னேன். "இங்கனயே இரு... வாரேன்."

அது நின்றது. அப்படியே முன்னங்காலை நீட்டிப் படுத்துவிட்டது.

மேலப்புஞ்சைக்காரருக்குப் போன் செய்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தார். "இன்னும் போடவே இல்லையேம்மா. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்ப நீங்க வந்து கையால தொட்டுக் காட்டுங்கண்ணே" என்றேன். மொபெட்டில் வந்தார். கம்பியை நோக்கி நடந்தவர் பாதியில் நின்று, மோட்டார் ரூமுக்குத் திரும்பிப் போனார். உள்ளே டக் என்று சுவிட்சு விழுந்த சத்தம் கேட்டது. வெளியே வந்து கம்பியைத் தொட்டுக் காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கம்பியைத் தாண்டிப் போய் டைகரைத் தூக்கினேன். அவ்வளவு பெரிய நாயை எப்படித் தூக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் அவர் இரண்டு நாளில் கம்பியைக் கழற்றினார். மூன்றாம் நாள் வடக்குப் பக்கம் கட்டினார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த நாய் இந்த ஊரில் இருந்தால் உயிரோடு இருக்காது என்று. ஊரில் கேட்டேன், ரெட்டியபட்டியில் கேட்டேன். காவலுக்கு நாய் வேண்டும் என்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் பந்தல்குடியில், நான் ஆட்டுக்குத் தவிடு வாங்கும் தீவனக் கடைக்காரரிடம் கேட்டேன். பதினாலு வருஷம் வளர்த்த நாயைப் போன வருஷம் குடோனுக்குப் பின்னால் புதைத்தவர். அதன் கழுத்துப் பட்டை இன்னும் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. "வேணாம்மா. ஒண்ணப் புதைச்சதே போதும்" என்றார். நான் விடவில்லை. தவிடு வாங்கப் போகும்போதெல்லாம் உன் கதையைச் சொன்னேன். நாலாவது தரம், "கூட்டிட்டு வாங்க, பாப்போம்" என்றார்.

தை பிறந்ததும் லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. அவர் குடோனில் சாக்கு விரித்து, தயிர்ச்சோறு பிசைந்து வைத்திருந்தார். அது தட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தது. நான் பஸ்சுக்குக் கிளம்பினால் கூடவே வந்தது. கடைக்கு எதிரே தூத்துக்குடி ரோடு. லாரி மேல் லாரி. பஸ் நிற்கும் இடம்வரை வந்துவிட்டது. பஸ்சும் வந்துவிட்டது. என்ன செய்வது என்று புரியாமல், அன்றைக்கு உயிரைக் காப்பாற்றிய பேச்சாயிற்றே என்று நம்பிச் சொன்னேன். "இங்கனயே இரு, வாரேன்." படுத்துக்கொண்டது. நான் ஏறிவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் போன் செய்தபோது, "பரவால்லம்மா, பழகிரும்" என்றார். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். அந்தப் பதிலில் எனக்கு ஏதோ உறுத்தியது. நான் உனக்குச் சொன்ன பதில்களும் அப்படித்தானே இருந்தன. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "பொய் சொல்ல மனசு வரலம்மா. அது பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. பஸ்ஸு நிக்கிற எடத்துலயே கெடக்கு. தூக்கிட்டு வந்து கட்டினா கயித்தக் கடிச்சிட்டு அங்கனயே போயிருது. காலையில ஒரு லாரி வாலை ஒரசிட்டுப் போச்சு. போகும்போது அதுகிட்ட என்னம்மா சொன்னீக?"

சொன்னேன். சொல்லும்போதே நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது.

நம் பக்கம் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதில்லை. டவுனுக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் வாரேன்தான். வாய் தவறிப் போறேன் என்றுவிட்டால் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள். நமக்கு அது வெறும் வழக்கம். அந்தப் பிராணிக்கு வழக்கம் தெரியாது. சொன்னால் வருவாய் என்று நம்பும். வேனில் ஏறுமுன் நீ அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னாய். ஐந்து மாதமாக அது உன் பேச்சைக் கேட்டுத்தான் படுத்துக் கிடந்திருக்கிறது. நான் போய், ரோட்டு ஓரத்தில், அதே பேச்சை அதன் தலையில் இன்னொரு தரம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த பஸ்சில் போனேன். பந்தல்குடியில் இறங்கும்போது எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டேன். நடுவில் ரோடு. அந்தப் பக்கம், சிமெண்டு லாரிகள் கிளப்பிய புழுதியில், விலா எலும்பு தெரியக் கிடந்தது. தலையைத் தூக்கியது. கூப்பிட்டால் ஓடிவரும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அது எழுந்து ரோட்டில் கால் வைத்த நேரம் கடைக்காரர் பாய்ந்து கழுத்துக் கயிற்றைப் பிடித்தார். லாரி ஒன்று அவர் வேட்டியைப் பறக்க அடித்துக்கொண்டு போனது. நான் ரோட்டைக் கடந்து போய், அங்கேயே, பஸ் நிற்கும் இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். அது என் மேல் ஏறி முகத்தையெல்லாம் நக்கியது. டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் உன்னைப் பற்றிச் சொன்னேன். "ஒங்கம்மா செத்துப் போயிட்டாடா. வரமாட்டா. நாந்தான் ஒன்னையக் கட்டிப்போட்டேன். பாக்க விடல" என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை மதினி. ஐம்பது வருஷம் சொல்லாத சொல். கடைக்காரர் குனிந்து, "நாய்க்கு இதெல்லாம் வெளங்குமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "வெளங்காதுண்ணே. ஆனா நான் பொய் சொல்லிட்டுப் போகக்கூடாதுல்ல" என்றேன். அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் போறேன்" என்றேன். "இனிமே இவுகதான். நான் போறேன்டா."

கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். ஒளிந்துகொள்ளவில்லை, அது தின்னும் நேரம் பார்த்து நழுவவில்லை. அதன் கண் முன்னால் நடந்துபோய் பஸ் ஏறினேன். அது எழுந்து நின்று முனகியது. கயிறு விறைத்தது. பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, யாரு தவறிட்டாக என்று கேட்டது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "சாப்பிடுதும்மா" என்றார். "நெசமாவாண்ணே?" என்றேன். நான் எத்தனை தரம் இதே சொல்லை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, "இருங்க" என்று சொல்லிப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவசர அவசரமாக நக்கும் சத்தம் கேட்டது. தட்டு தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது. காதிலிருந்து போனை எடுக்காமல் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அது தவிட்டு மூட்டைமேல் ஏறிப் படுக்கிறதாம். எலி ஓடினால் கண்ணை மூடிக்கொள்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. தவிட்டை ரெட்டியபட்டியில் வாங்கிக்கொள்கிறேன். போறேன் என்று சொன்னவள் போய் நிற்கக் கூடாது.

திட்டுக்கு வருகிறேன். மதுரைக்குப் போகுமுன்பே அருப்புக்கோட்டை டாக்டர் இனித் தேறாது என்று சொல்லிவிட்டார், அம்மாவுக்குத் தெரியும் என்று உன் மகன் காரியத்தன்று என்னிடம் சொன்னான். தெரிந்துகொண்டுதான் என் வாசலில் வந்து நின்றிருக்கிறாய். சோறு தின்றது என்று நான் சொன்ன பொய்களையும் நீ நம்பவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. உன் நாயை உனக்குத் தெரியாதா. நான் சொல்கிறேனே என்று சிரித்திருக்கிறாய். அதற்காக உன்மேல் கோபமில்லை. வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டு, என்னிடமும் வாரேன் மதினி என்றாய் பார், அதற்குத்தான் கோபம். நாய்க்காவது நான் இருந்தேன், உட்காரவைத்து உள்ளதைச் சொல்வதற்கு.

எனக்கு யார் சொல்வார்கள்? உன்னைக் குளிப்பாட்டியவள் நான். வாய்க்கரிசி போட்டவள் நான். எல்லாம் தெரிந்தும், அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன்.